மறுமொழி: ஓப்பன் ஸ்கில், குளோஸ்டு ஸ்கில், டிரான்ஸ்ஃபர் – தமிழில் என்ன வைக்கலாம்?

விளையாட்டுத் திறன்களை வகைப்படுத்தும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுகிறோமே, அதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> திறந்த திறன், மூடிய திறன் என்றே வைத்துவிடலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதுதான், ஆனால் எதைத் திறக்கிறோம் எதை மூடுகிறோம் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. 'மூடிய திறன்' என்று ஒரு பயிற்சியாளரிடம் சொல்லிப் பாருங்கள், வெளியே காட்டாமல் ஒளித்து வைத்த திறமை என்றுதான் நினைப்பார். உளவியலாளர் பூல்ட்டன் 1957-ல் இந்தப் பிரிவினையைச் சொன்னபோது அவர் பார்த்தது சூழலை. செய்கிற நேரத்தில் சுற்றியிருப்பது மாறிக்கொண்டே இருக்கிறதா, அப்படியே நிற்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. பெயரிலும் அது இருக்கட்டும்.

என் பரிந்துரை: ஓப்பன் ஸ்கில்லுக்கு மாறுசூழல் திறன், குளோஸ்டு ஸ்கில்லுக்கு நிலைச்சூழல் திறன். இரண்டாவதற்கு 'மாறாச்சூழல்' என்றும் யோசித்தேன், எதிர்ச்சொல்லாக அழகாகத்தான் நிற்கிறது, ஆனால் மைதானத்தில் தூரத்திலிருந்து கத்தினால் மாறு எது, மாறா எது என்று காதில் பிரியாது.

கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் அசையாமல் இருக்கிறது, பலகையிலிருந்து கோடு 4.6 மீட்டர், யாரும் குறுக்கே வரக்கூடாது. நேற்றும் இதே கணக்கு, இன்றும் இதே கணக்கு. அதே ஆட்டக்காரர் அடுத்த நிமிடம் இரண்டு பேர் மறித்து நிற்கும்போது கூடையைப் பார்த்து எறிகிறார். கை போகிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் யார் எந்தப் பக்கம் வருகிறார், எப்போது குதிப்பார் என்று பார்ப்பதே இப்போது வேலையில் பாதி.

ஒன்றை மறக்கக்கூடாது, இவை இரண்டு தனித்தனிப் பெட்டிகள் அல்ல, ஒரே கோட்டின் இரண்டு முனைகள். 1960-களில் விளையாட்டுத் திறன்களைப் பற்றி எழுதிய பார்பரா நாப் இதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்படித்தான் வைத்தார். கால்பந்தின் பெனால்டி உதையை எங்கே வைப்பீர்கள்? 11 மீட்டரில் பந்து அசையாமல் கிடக்கிறது, நிலைச்சூழல் என்று சொல்லிவிடலாம். ஆனால் கோல்காப்பாளர் இருக்கிறாரே. மூலையை முன்பே முடிவு செய்துகொண்டு ஓடிவருபவருக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கடைசி நொடிவரை பார்த்து உதைப்பவருக்கு அவர்தான் எல்லாம். ஒரே உதை, ஆளைப் பொறுத்து கோட்டில் இடம் மாறுகிறது. 'மூடிய' என்று முத்திரை குத்திவிட்டால் இந்த வழுக்கலுக்கு இடமே இருக்காது, 'சற்றே மூடிய' என்றா எழுதுவது?

அப்புறம், செல்ஃப் பேஸ்டு என்பதற்குத் 'தன்வேக' என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேகத்தைப் பற்றியதே இல்லை, எப்போது தொடங்குவது என்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான். டென்னிஸ் சர்வீஸ் மின்னல் வேகத்தில் போகும், ஆனால் பந்தை எப்போது மேலே போடுவது என்பது அடிப்பவர் முடிவு. அதைத் திருப்பி அடிப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தன்தொடக்கம், புறத்தொடக்கம் என்று வைத்தால் குழப்பம் வராது.

செயல் தனியாக முடிகிறதா, வரிசையாகக் கோத்து வருகிறதா, இடைவிடாமல் ஓடுகிறதா என்று பிரிக்கிற டிஸ்கிரீட், சீரியல், கன்டினியூவஸ் மூன்றும் சீக்கிரம் முடிகிற வேலை. பின்னிரண்டுக்கும் 'தொடர்' என்றே எழுதி வருகிறோம், அதுதான் சிக்கல். தனிச்செயல் (ஒரு உதை), கோவைச்செயல் (மும்முறைத் தாண்டல், மூன்றும் அதே வரிசையில் வந்தாக வேண்டும்), இடையறாச்செயல் (நீச்சல்). ஃபைன், கிராஸ் இரண்டுக்கும் நுண்தசை, பெருந்தசை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன, விட்டுவிடுவோம்.

> டிரான்ஸ்ஃபருக்கு 'பயிற்சி மாற்றம்' இருக்கும்போது புதிதாக எதற்கு?

டிரான்ஸ்ஃபர் என்பது ஒன்றில் பழகியது இன்னொன்றைப் பழகும்போது உதவுவதோ கெடுப்பதோதான். புதிய சொல் எதற்கு என்றால், மாற்றம் என்றதும் 'வேறாகிவிட்டது' என்றுதான் பொருள் போகிறது. 'திறன் மாற்றம்' என்ற தலைப்பைப் பார்ப்பவர் திறமை கூடியதா குறைந்ததா என்று தேடுவார். 'இடமாற்றம்' அலுவலக ஆணையாகிவிடும். 'இடப்பெயர்ச்சி' இயற்பியலுக்குப் போய்விட்டது. 'கடத்தல்' வேண்டவே வேண்டாம், 'திறன் கடத்தல்' என்றால் அடுத்த வரியில் யாரைக் கைது செய்தார்கள் என்று கேட்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெயர்தல், இடம் மாறுதல் எல்லாமே பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவது. இங்கே எதுவும் காலியாவதில்லை. இறகுப்பந்து ஆடியவர் டென்னிஸுக்கு வந்தால் இறகுப்பந்து அவரிடமேதான் இருக்கிறது, அதன் செல்வாக்கு மட்டும் புதிய ஆட்டத்தின் மேல் விழுகிறது. வேர் அங்கேயே இருக்க, கொடி பக்கத்துக்குப் போவது போல. அதனால் 'படர்வு' என்கிறேன். வினையாகவும் ஓடுகிறது: இந்தத் திறன் அதில் படரும், இது படராது. வினையாக மாற மறுக்கிற கலைச்சொல் எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் ஏட்டோடு நின்றுவிடும்.

வகைகளும் சுலபமாக வருகின்றன. உதவினால் துணைப்படர்வு, கெடுத்தால் தடைப்படர்வு, ஒன்றுமே இல்லையென்றால் படர்வின்மை, வலது காலுக்குப் பழக்கியது இடது காலுக்கும் ஓரளவு வருவது இருபக்கப் படர்வு. 'நேர்', 'எதிர்' என்று போட்டால் எதிர்த் திசையில் போனது என்று படிக்கிறார்கள், அதனால் தவிர்த்தேன்.

ஆனால் 'இறகுப்பந்திலிருந்து டென்னிஸுக்குத் துணைப்படர்வு' என்று மொத்தமாக எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். தலைக்கு மேலே வருவதை அடிக்கும் நேரக்கணிப்பு, எதிராளி நிற்கும் இடத்தைப் பார்த்து வெற்றிடத்தில் போடுவது, இவை உதவும். மணிக்கட்டைச் சுண்டுவது கெடுக்கும். இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம், சுண்டினால் பறக்கும். டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரை, அதைத் தரையடியில் (தரையில் பட்டு எழும் பந்தை அடிப்பதில்) மணிக்கட்டால் சுண்டினால் பந்து சொன்னபடி கேட்காது, மட்டையும் திரும்பிக்கொள்ளும். உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901-லேயே சொன்னது இதைத்தான், இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் படரும். ஆகவே எந்த ஆட்டத்திலிருந்து எதற்கு என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தக் கூறு என்றும் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

சூழலைப் பெயரிலேயே வையுங்கள் என்று பிடிவாதம் பிடிக்க இதுவே காரணம். கூம்புகளை நட்டு அவற்றுக்கிடையே பந்தை உருட்டுவது நிலைச்சூழல் பயிற்சி. கூம்பு காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. கிரிக்கெட்டில் பந்துவீசும் எந்திரமும் அப்படித்தான், பந்து வரும், ஆனால் வீசுபவரின் கையும் தோளும் தெரியாது, மட்டையாளர் ஆட்டத்தில் முதலில் படிப்பதே அவற்றைத்தான். 'நிலைச்சூழலில் பழகியது மாறுசூழலில் எவ்வளவு படரும்?' என்று தமிழில் ஒரு வரி எழுதினால் கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மூடியதையும் திறந்ததையும் வைத்து அதே வரியை எழுதிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் சரிப்படாதது ஒன்றுதான். ஸ்கில், எபிலிட்டி இரண்டுக்கும் 'திறன்' என்றே எழுதுகிறோம். ஒன்று பழகி வருவது, மற்றது பெரும்பாலும் இயல்பாக இருப்பது. எபிலிட்டிக்கு 'இயலாற்றல்' என்று ஒன்று மனதில் இருக்கிறது, ஆனால் 'இயலாத' என்று காதில் விழுகிறதோ என்று தயக்கம். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.