பழைய சிங்கர் தையல் கைமிஷின், எந்த வருசம்னு எப்படி கண்டுபிடிக்க?

மேலப்பாளையத்துல பழைய சாமான் கடையில ஒண்ணு கெடக்கு, தங்கப் பூவேலை பாதி அழிஞ்சுட்டு, கடைக்காரரு நூறு வருசம்னு சத்தியம் பண்ணுதாரு, 4000 கேக்காரு. நம்பலாமா அண்ணாச்சி?

— பேச்சை விடுங்க, நம்பரைப் பாருங்க. வலது பக்கம் அடித்தட்டுல குத்திருக்கும், அழுக்குல தெரியாது, மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைங்க. ஒய் (Y) எழுத்துல ஆரம்பிச்சா ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் பேக்டரி, 1921லேருந்து 1935க்குள்ள.

— ஊசிக்குக் கீழ தகட்டையும் தள்ளிப் பாருங்க. படகு மாதிரி நீள ஷட்டில் (கீழ்நூலைக் கொண்டு போற பாகம்) வைக்கிற மிஷின்னா, அது உள்ளயே இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க, தொலைஞ்சா நம்ம டவுண்ல தேடி அலையணும், எங்க ஆச்சி மிஷின் அப்படித்தான் மூணு வருசமா பரண்ல கெடக்கு. உருண்டை பாபின்னா கவலையில்ல.

— ஒய் தான்! ஷட்டிலும் இருக்கு. 2500க்கு முடிச்சாச்சு, பஸ்ல எப்படி ஏத்தன்னு தான் தெரியல.