ஜப்பானியப் பெயர்களும் ஆங்கில உச்சரிப்பும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யோகொஹாமா, மென்பொருள் வேலை:

எங்கள் குழுவில் ஒருவர் ஒனொ, இன்னொருவர் ஓனொ. இரண்டும் வேறு வேறு குடும்பப் பெயர்கள். முதல் எழுத்து குறிலா நெடிலா என்பதுதான் வித்தியாசம். ஆனால் ஆங்கில மின்னஞ்சலில் இருவருக்கும் ஒரே எழுத்துகள். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும்போது யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

ஜப்பான் பாஸ்போர்ட்டிலும் ஓகார நெடிலை வெறும் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தால் எழுதுவதே வழக்கம். விண்ணப்பித்துக் கேட்டால் பக்கத்தில் ஓர் 'எச்' சேர்த்துக்கொள்ளலாம். பேஸ்பால் வீரர் ஷோஹே ஓத்தனியின் சட்டையில் இருக்கும் எச் இப்படி நெடிலைக் காட்ட வந்ததுதான். 868 ஹோம் ரன் அடித்த ஸதஹரு ஓவுக்கோ குடும்பப் பெயரே அந்த ஒற்றை நெடில்தான். சட்டையில் அதற்கும் எச் உண்டு. அந்த எச்சுக்குத் தனி ஒலி கிடையாது. அதைப் பார்த்துத் தமிழில் 'ஓஹ்டானி' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. குறிலுக்கும் நெடிலுக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்து இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்றுவழி?

ஒரகடம், வாகன உதிரிபாகத் துறை:

இங்கே வரும் ஜப்பானிய இன்ஜினியர்கள் 'நிஸ்ஸன்' என்கிறார்கள். நடுவில் அழுத்தம், கடைசியில் குறில். அமெரிக்கர்கள் 'நீஸான்' என்று நீட்டுகிறார்கள். நாம் சொல்லும் 'நிசான்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது ட, த குழப்பம்தான். ஜப்பானியர் இந்த ஒலியைச் சொல்லும்போது நாக்கு மேற்பல் பக்கம் போகிறது, கிட்டத்தட்ட நம் தகரம். அவர்கள் வாயில் அது ஹொந்தா, யமதா. நாம் ஹோண்டா, யமடா என்பது ஆங்கிலத்தைக் கேட்டு வந்த பழக்கம். டொயோட்டாவும் அப்படித்தான், அவர்களுக்கு அது தொயொத்தா. நிறுவனர் குடும்பத்தின் பெயர் தொயொதா. 1937-இல் கார் நிறுவனத்தைத் தனியாகத் தொடங்கியபோது தொயொத்தா என்றே வைத்தார்கள். கதகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் அதற்கு எட்டுக் கோடுகள், எட்டு அங்கே ராசியான எண். அந்த மென்மை, வன்மை வித்தியாசத்தை ஒரு ஒற்றெழுத்தை வைத்தே தமிழில் காட்டிவிடலாம், பாருங்கள்.

லண்டன், ஆராய்ச்சி மாணவி:

எங்கள் துறையில் ஒரு யமஷிதா இருக்கிறார். இங்கே எல்லோரும் 'யமஷீட்டா' என்று நடுவில் ஓங்கிச் சொல்கிறார்கள். அவரே சொன்னால் அந்த இகரம் காதில் விழுவதே இல்லை, 'யமஷ்தா' மாதிரி ஒலிக்கிறது. அவர்கள் விழுங்கும் இடத்தில்தான் ஆங்கிலக்காரர்கள் முழு எடையையும் வைக்கிறார்கள்! மத்ஸுஷிதா என்ற பெயருக்கும் இதே கதி. அப்புறம் ரியோ என்று பெயருள்ளவர்களை 'ரையோ' ஆக்குவதும் தினமும் நடக்கிறது.

நகோயா, மொழிபெயர்ப்பு:

உச்சரிப்பு சரி, எந்தப் பெயர் முன்னால் வரும் என்பதையும் பேசுவோம். ஜப்பானியத்தில் குடும்பப் பெயர்தான் முதலில். ஆங்கிலத்தில் எழுதும்போது அதைத் திருப்பிப் போடும் வழக்கம் மெய்ஜி காலத்தில் வந்தது. 2000-இலேயே அரசின் மொழி ஆலோசனைக் குழு இதை மாற்றச் சொன்னது; பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சராக இருந்த கோனொ தரோ, பிரதமர் பெயரை 'அபெ ஷின்ஸோ' என்றே எழுதும்படி வெளிநாட்டு ஊடகங்களைக் கேட்டுக்கொண்டார். 2020 ஜனவரி 1 முதல் அரசின் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயர்தான் முன்னால். தனியார் துறையில் இன்னும் இரண்டு முறையும் ஓடுகின்றன. அதனால் நான் மொழிபெயர்க்கும் ஆவணங்களில் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. இங்கே ஒரு மருத்துவமனையில் என்னை எப்போதும் அப்பா பெயரோடு 'ஸன்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அது என் பெயர் இல்லை. ஒனொவுக்கும் ஓனொவுக்கும் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

யோகொஹாமா, மென்பொருள் வேலை:

எப்படிச் சரியாகச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு: அவரிடமே கேட்டுவிடுங்கள், தப்பில்லை. கஞ்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில், எழுதிய பெயரை எப்படிப் படிப்பது என்று ஜப்பானியர்களுக்கே பல சமயம் தெரியாது. அதற்காகத்தான் இங்கே எந்தப் படிவத்திலும் பெயருக்கு மேல் ஒலியை எழுத ஒரு வரி இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து குடும்பப் பதிவேட்டிலும் அந்த ஒலியைப் பதிவு செய்கிறார்கள். கேட்டதும் அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் வேண்டாம்.