வீட்டில் பாட்டு கேட்க டிஏசி (டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் கருவி) வைத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் பாட்டு கேட்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். மதர்போர்டின் பச்சை ஜாக்கிலிருந்து நேராக ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) கேபிள் போட்டிருந்தபோது, மவுஸை நகர்த்தினாலே ஸ்பீக்கரில் ஒரு கிறீச் சத்தம் வரும். வீணையில் ஒரு தந்தியை மீட்டிய பிறகு அந்த நாதம் மெல்ல அடங்கும் பாருங்கள், அதற்காகத்தான் நான் வீணை கேட்பதே. சரியாக அங்கேதான் அந்தச் சத்தம் குறுக்கே வரும்.

சிடி தரம் என்றால் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். அவற்றை மின் அலையாக மாற்றும் வேலையை மதர்போர்டு சிப்பும் செய்கிறது. ஆனால் மாற்றிய பிறகு கிடைக்கும் மெல்லிய சிக்னல், பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடியாக வேண்டும். தனி டிஏசி வைத்தால் அந்த மாற்றம் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே நடக்கும். யூஎஸ்பியில் டிஏசியை மாட்டியதுமே மவுஸ் சத்தம் போய்விட்டது.

ஆனால் 'ம்ம்ம்' என்ற ஹம் மட்டும் போகவில்லை. கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்புக்கும் தனித்தனி எர்த். நடுவில் கேபிள் வழியாக இன்னொரு இணைப்பு. இப்படி உருவாகும் வளையம்தான் கிரவுண்ட் லூப், அதில் ஓடும் சிறு கரண்ட்தான் ஹம்மாகக் கேட்கிறது. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் ஆம்ப்பின் உலோக உடம்பிலேயே கரண்ட் நிற்கும். நான் யூஎஸ்பியை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டேன். டிஏசிக்குத் தனி அடாப்டர். ஆப்டிகலில் வெளிச்சம் மட்டும்தான் போகும், செம்புக் கம்பி கிடையாது. லூப் அறுந்தது, ஹம் நின்றது.

* * *

அண்ணா, எர்த் பின் பற்றி எழுதியதற்கு நன்றி, பலர் வீட்டில் இது நடக்கிறது. நான் ஆப்டிகல் எடுத்தது டிவியிலிருந்து. கேபிள் மாட்டியும் டிஏசியில் சத்தமே இல்லை. டிவி டால்பி சிக்னலை, அதாவது சுருக்கிய ஒலியை, அனுப்பிக்கொண்டிருந்தது. சாதாரண ஸ்டீரியோ டிஏசிக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றியதும் பாட ஆரம்பித்தது.

* * *

என் அனுபவம் வேறு மாதிரி. நண்பர் ஒருவர் விலை கூடிய டிஏசி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்னிடம் இருப்பது போனில் மாட்டும் சின்ன டிஏசி, டாங்கிள் என்பார்கள். மாற்றி மாற்றிக் கேட்டபோது அவருடையதில் மிருதங்கம் இன்னும் கணீரென்று இருப்பதாக இருவருக்குமே பட்டது.

பிறகு 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். அவருடையதில் வோல்டேஜ் இரு மடங்கு காட்டியது. அவருடைய டிஏசி 2 வோல்ட் தருவது, டாங்கிள் 1 வோல்ட். அதாவது 6 டெசிபல் வித்தியாசம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ஆம்ப் வால்யூமை வைத்து இரண்டையும் சமன் செய்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஒருவர் மாற்ற மற்றவர் கேட்டோம். இருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. உயர்தர டிஜிட்டல் பதிவுகளை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் கேட்கவைத்தார்கள். 554 சோதனைகளில் சரியான விடை ஏறக்குறைய பாதி. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

இரைச்சல் இல்லை, வோல்டேஜ் போதும் என்றால், மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குவதே சரி என்பது என் கருத்து. 300 ஓம் ஹெட்போன் (மின் தடை அதிகமானது) வைத்திருப்பவர்கள் விஷயம் தனி. 1 வோல்ட் டாங்கிளில் அதற்குப் போதிய சத்தம் கிடைக்காமல் போகலாம். அப்படி யாராவது இங்கே இருந்தால், என்ன ஆம்ப் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள்.