மேலேயும் கீழேயும் ஒரே நாளில் ஸ்கோப் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குரோம்பேட்டை மருமகள்:
என் மாமனாருக்கு வயது 68. சாப்பிட்டதும் மேல்வயிறு கனக்கும், ஏப்பம் நிற்காது. கேஸ் என்று சொல்லிச் சொல்லியே மருந்துக்கடை மாத்திரையில் காலத்தை ஓட்டினார். இந்த வயதில் தீராத அஜீரணம் என்றால் வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். சரி என்றோம். கீழ்வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் சேர்த்துச் செய்யலாம் என்றதும்தான் வீட்டில் வாக்குவாதம். மேல்வயிற்றுக் கோளாறுக்குப் பெருங்குடலில் என்ன வேலை?

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினார். ஹீமோகுளோபின் 9, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து இப்படி இறங்கினால் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும், வலப்பக்கக் குடலில் கசிந்தால் வெளியே தெரியாமலே போகலாம் என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

டெஸ்டைவிட முந்தைய நாள்தான் பெரும்பாடு. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தியாயிற்று, குடலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்குமாம். கீரை, கொய்யா, தக்காளி கிடையாது. இளநீர், வடிகட்டிய சூப், அப்புறம் குடலைக் கழுவும் பவுடர் கலந்த 2 லிட்டர் தண்ணீர். ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்குகிறது. பால் கூடாது, கடுங்காப்பி குடிக்கலாம் என்றதும்தான் மாமாவுக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் வாய் வழி, அப்புறம் கீழே. மயக்க ஊசி ஒரே தடவை. இரைப்பையில் லேசான அழற்சிதான். குடலின் வலப்பக்கத்தில் பெரிய பாலிப், அதாவது சதை வளர்ச்சி. அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் அடினோமா, அதாவது விட்டால் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகை, இப்போது புற்று இல்லை.

வேளச்சேரி பரோட்டா:
எனக்கு வயது 34. வயிறு உப்புசம் என்று போனேன். ஒரு தனியார் மருத்துவமனையில் பேக்கேஜ் என்று இரண்டையும் எழுதிவிட்டார்கள். எடை குறையவில்லை, ரத்தம் போகவில்லை, ஹீமோகுளோபின் 14, குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை. பிறகு எதற்கு? வேறு டாக்டரிடம் போனேன். இப்போதைக்கு மேல் ஸ்கோப்கூட வேண்டாம், முதலில் இரைப்பையில் தங்கும் ஹெச் பைலோரி கிருமி இருக்கிறதா பார்ப்போம் என்றார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டுத்தான் டெஸ்ட். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். எனக்குப் பாசிட்டிவ். 14 நாள் ஆன்டிபயாடிக், வாயெல்லாம் கசப்பு. உப்புசம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்குக் காரணம் ராத்திரி பரோட்டா என்கிறாள் மனைவி.

புரசைவாக்கம்:
முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. என் அம்மாவுக்கு சுகர், இதயத்தில் ஸ்டென்ட்டும் உண்டு. பாலிப் எடுக்க நேர்ந்தால் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இடைஞ்சல், நாமாகவே நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்கு ஆபத்து. நிறுத்தலாமா வேண்டாமா என்று இதய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். சுகர் மாத்திரையை, இன்சுலினை அன்று எவ்வளவு குறைப்பது என்பதையும் எழுதியே வாங்கினோம். பல்செட்டைக் கழற்றி வையுங்கள். திரும்பும்போது மயக்கம் தெளிந்த மாதிரிதான் பேசுவார்கள், நம்பி பைக்கில் ஏற்றாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.