அம்மாவின் சிர்கோனியாக் கிறவுண் கீழ்ப்பல்லைத் தேய்க்கிறது: கழற்றத்தான் வேண்டுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு மகள் கேட்கிறார்

வணக்கம். 68 வயதான என் அம்மாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் மேல் இடப்பக்க முதலாம் கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை செய்து, அதன்மேல் முழுவதும் சிர்கோனியா என்ற பீங்கானால் செய்த கிறவுண் (பல்லை மூடும் உறை) ஒன்றைப் பொருத்தினார்கள். பொருத்திய அன்றே அது சற்று உயரமாக இருப்பதாக அம்மா சொன்னார். அடுத்த கிழமை மீண்டும் போனபோது நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, நிறம் பட்ட இடத்தை இயந்திரத்தால் ஒரு நிமிடம் அளவில் அராவிவிட்டு, இனிச் சரி என்று அனுப்பிவிட்டார்கள். உயரம் உண்மையிலேயே சரியாகிவிட்டது. சாப்பிடுவதிலும் அதன் பிறகு ஒரு குறையும் இருக்கவில்லை.

இப்போதுள்ள பிரச்சினை கீழ்த்தாடையில். கிறவுணுக்கு நேர் எதிரே இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல் நிறத்திலேயே அடைத்த கொம்பசிற் அடைப்பு ஒன்று உண்டு. அது நடுவில் குழிந்து, ஓரத்தில் பல்லின் கடினமான வெளிப்படையான எனாமல் மட்டும் வரம்பு போல உயர்ந்து நிற்பதை அம்மா நாக்கால் உணர்கிறார். அதே பல்லின் வெளிப்பக்க முனையும் மழுங்கித் தட்டையாகிவிட்டது. மூன்று மாதங்களாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. அதற்குப் பின்னால் உள்ள பல்லில் இருக்கும் பழைய வெள்ளி நிற அமல்கம் அடைப்பு மட்டும் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

சிர்கோனியா மிகவும் கடினமான பொருள், அதனால் எதிர்ப்பல்லை அரைத்தே தீரும், உடனே கழற்றிவிட்டு உலோகத்தின் மேல் போர்சலின் பூசிய கிறவுணைப் போடுங்கள் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். முதல் கிறவுணுக்கே சேமிப்பில் பெரும் பகுதி போய்விட்டது. அதைக் கழற்றுவதென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். தேய்வுக்குக் காரணம் உண்மையில் சிர்கோனியாவின் கடினம்தானா, அல்லது வேறு ஏதாவதா என்பதை அறிந்த பிறகே முடிவெடுக்க விரும்புகிறேன். விபரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மானிப்பாய், பல் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

தங்கைச்சி, நான் பல வருடங்களாகக் கிறவுண்களும் கட்டுப்பற்களும் செய்து வருகிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் மிக முக்கியமான செய்தி அந்த ஒரு நிமிட அராவல்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தை மினுக்கினார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இறப்பர் போன்ற மெல்லிய சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, நிதானமாகத் தேய்த்திருந்தால் அவருக்கு நினைவிருக்கும்.

உறவினர் சொல்வதில் எண்ணளவில் பிழையில்லை. விக்கர்ஸ் அளவீட்டில் எனாமலின் கடினம் ஏறத்தாழ 300 முதல் 350 வரை. சிர்கோனியாவினுடையது 1200 அளவில். கொம்பசிற் அடைப்புகளில் அனேகமானவை 100க்கும் கீழே. ஆனால் வாய்க்குள் எது எதைத் தேய்க்கும் என்பதைக் கடினம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டு அம்மியை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அரைத்து வழுவழுப்பாகிப்போன அம்மியில் செத்தல் மிளகாய் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அரைபடாது. உளியால் பொளிந்த அன்று அதே அம்மி மிளகாயை நொடியில் மசித்துவிடும். கல்லின் கடினம் நேற்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது அதன் முகம். வைரத் தூள் பதித்த முனையால் அராவி அப்படியே விடப்பட்ட சிர்கோனியா, பொளிந்த அம்மி. முறையாக மினுக்கிய சிர்கோனியாவோ, பற்சிகிச்சையில் பயன்படும் பீங்கான் வகைகளுள் எதிர்ப்பல்லின் எனாமலை மிகக் குறைவாகத் தேய்ப்பவற்றில் ஒன்றாகவே ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. சிர்கோனியாவை ஆக்கியிருக்கும் நுண்மணிகள் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை; இலகுவில் உடைந்து பெயராதவை. ஆகவே ஒருமுறை கண்ணாடி போல் ஆக்கிவிட்டால் அது நீண்ட காலம் அப்படியே இருக்கும்.

போர்சலின் பூசிய கிறவுணுக்கு மாறினால் தேய்வு குறையும் என்று நம்ப வேண்டாம். உலோகத்தின் மேல் பூசும் போர்சலின், கண்ணாடிக்குள் லூசைற் என்ற பளிங்குகளைக் கொண்டது. சூட்டில் உலோகம் விரிவதற்கு ஈடாகப் போர்சலினும் விரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பளிங்குகள் சேர்க்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1962இல் காப்புரிமை பெற்ற வழி அது. மேலே உள்ள மினுமினுப்பான படை தேய்ந்ததும் உள்ளிருக்கும் போர்சலின் நுண்ணியதாகச் சிதைந்து கரடுமுரடாகும். உதிரும் துகள்களும் இரண்டு பற்களுக்கும் இடையில் மணல் போல நின்று அரைக்கும். எதிர்ப்பல்லின் மேல் அக்கறை கொண்டு சொல்வதானால், சிர்கோனியாவை விட அதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஒரு சோதனை சொல்கிறேன். அம்மாவை வெளிச்சத்தில் இருத்தி, கைத்தொலைபேசியின் விளக்கைக் கிறவுணின் கடிக்கும் பரப்பின் மேல் பிடித்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரேமாதிரி மின்னுகிறதா, அல்லது எங்காவது மங்கலாக, சாம்பல் நிறக் கோடுகளுடன் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

கொக்குவில் மகள்

மிக்க நன்றி ஐயா. பார்த்தேன். கிறவுண் முழுவதும் ஈரமான பளிங்கு போல மின்னுகிறது. ஆனால் பின்பக்கத்தில் ஓர் உழுந்து அளவான இடம் மட்டும் ஒளியைத் திருப்பித் தராமல் மங்கிக் கிடக்கிறது. அதில் பென்சிலால் கீறியது போல மூன்று நான்கு சாம்பல் கோடுகள். பல் துலக்கிய பிறகும் அவை போகவில்லை. அதற்குச் சற்று முன்னால் இன்னும் ஒரு மங்கலான புள்ளி இருக்கிறது. அதில் கோடுகள் இல்லை. சில்லு மாற்றி மினுக்கியதாக அம்மாவுக்கு எந்த நினைவும் இல்லை.

இரண்டு விடயங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பவர்; அடுத்த அறையில் படுக்கும் எனக்கே கேட்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பும் உண்டு. பனங்கிழங்குக் காலத்தில் புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) விடவே மாட்டார்.

மானிப்பாய், பல் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

அந்தச் சாம்பல் கோடுகள் கிறவுணின் பழுது அல்ல. அவை பின்பல்லின் அமல்கம். அரத்தாளில் வெள்ளிக் காசை உரசினால் தாளில் நிறம் ஒட்டுவது போல, கரடான பரப்பு அமல்கத்திலிருந்து உலோகத்தைச் சுரண்டித் தன்மேல் பூசிக்கொண்டிருக்கிறது. முன்னால் உள்ள புள்ளி கொம்பசிற்றைக் கடிக்கும் இடமாக இருக்கும். அதனால்தான் அங்கே நிறம் ஒட்டவில்லை. வைத்தியர் ஒருவர் நேரில் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்வது முறையல்ல.

இதில் எங்கள் தொழிலிலும் தவறு உண்டு. பல ஆய்வுகூடங்களில் கிறவுணை மினுக்காமல் கிளேஸ் எனப்படும் மெல்லிய கண்ணாடிப் படையைப் பூசிச் சூளையில் சுட்டு அனுப்பிவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கும். கடி படும் இடங்களில் அந்தப் படை நீண்ட காலம் நிற்காது. அடியில் கரடாக இருந்தால் அந்தக் கரடு வெளியே வந்துவிடும். கடிக்கும் பரப்பை முதலில் மினுக்கிவிட்டு, அதன் பிறகே தேவையான இடத்துக்குக் கிளேஸ் பூச வேண்டும் என்று எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம், பல் வைத்தியர்

மேலே எழுதியவரின் விளக்கத்துடன் உடன்படுகிறேன். ஆயினும் கிறவுணின் கரடு ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் அம்மாவின் வாயை முழுதாகப் பார்க்க வேண்டும்.

எந்தப் பீங்கானும் இல்லாத வாயிலும் பற்கள் தேய்கின்றன. எனாமல் எனாமலைக் கடிக்கும்போது கடைவாய்ப் பற்களில் வருடத்துக்கு ஏறத்தாழ 29 மைக்கிரோமீற்றரும், முன்கடைவாய்ப் பற்களில் 15 மைக்கிரோமீற்றரும் தேய்வதாக 1989இல் வெளியான அளவீடு ஒன்று இன்றுவரை ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது. அது தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடவும் குறைவு. நாக்குக்கு ஒரு வருடத்தில் தெரியாது. இரண்டு வருடத்தில் நாக்கால் உணரக்கூடிய குழி விழுந்திருக்கிறதென்றால் அது இயல்பான தேய்வு அல்ல.

கொம்பசிற் ஏன் முதலில் குழிந்தது என்பதையும் விளக்க வேண்டும். அது றெசின் என்ற மென்மையான பிளாஸ்ரிக் போன்ற பொருளுக்குள் கண்ணாடித் துகள்களைக் கலந்து செய்த பொருள். கரடான பீங்கான் உரசும்போது முதலில் றெசின் தேயும். பிடிமானம் இழந்த துகள்கள் அதன் பின் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். சுற்றியிருக்கும் எனாமல் அதைவிட மெதுவாகத் தேய்வதால் நீங்கள் சொன்ன வரம்பு உண்டாகிறது. அந்த வரம்பு தாங்குவதற்கு ஆளில்லாத மதில் போன்றது. ஒருநாள் புழுக்கொடியலைக் கடிக்கும்போது பிளந்து விழக்கூடும். எனக்குக் கவலை தருவது கூச்சத்தை விட அதுதான். குளிருக்குக் கூசுவது, மழுங்கிய முனையில் எனாமல் கழிந்து அதன் கீழுள்ள டென்ரின் வெளிப்பட்டதாலும் இருக்கலாம், அடைப்பின் ஓரம் கசிவதாலும் இருக்கலாம். டென்ரின் எனாமலை விடப் பல மடங்கு மென்மையானது. அது வெளிப்பட்ட இடத்தில் தேய்வு வேகம் பிடிக்கும்.

நித்திரையில் பல் கடிப்பதை நீங்கள் இடையில் சொன்னீர்கள். நான் அதைத் தலைப்பில் வைப்பேன். பகலில் உணவு மெல்லும்போது பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் மிகக் குறைவு. இரவில் கடிக்கும்போது இடையில் உணவும் இல்லை, உமிழ்நீரும் குறைவு. பாக்குத் தூள் அரைக்கும் பொடியாக இதனோடு சேர்கிறது. நெஞ்செரிவு இருந்தாலும், புளிப்பான பானங்களை அடிக்கடி குடித்தாலும் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வாயில் அமிலம் கூடி, அதைக் காட்டும் பீஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். புளிப்பு உட்கொண்ட உடனே பல் துலக்க வேண்டாம். இரத்த அழுத்தக் குளிசைகள் சில உமிழ்நீரைக் குறைப்பவை, ஆகவே அவர் பாவிக்கும் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கிறவுணைக் கழற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அதை வாயிலேயே மினுக்கலாம். சிர்கோனியாவுக்கென்று வைரத் துகள் கலந்து செய்த இறப்பர் சில்லுகள் உண்டு. கரடானதில் தொடங்கி நுண்ணியதில் முடிக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சி, அழுத்தாமல், ஒவ்வொரு சில்லுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்துச் செய்ய வேண்டும். ஒன்றைத் தாண்டினால் முந்தியதன் கீறல் கடைசிவரை நிற்கும். ஒரு மைக்கிரோமீற்றரில் பாதியளவு கரட்டையும் நாக்கு உணர்ந்துவிடும் என்பதால், முடிவில் அம்மாவின் நாக்கையே கேளுங்கள்.

கீழ்ப்பல்லின் அடைப்பை மாற்றுவது அதன் பிறகுதான். கிறவுணைக் கரடாகவே விட்டுவிட்டுக் கீழே புதிய கொம்பசிற் வைத்தால் அதே குழி மீண்டும் விழும். மிஞ்சியிருக்கும் எனாமல் மதில் மெல்லியதாக இருந்தால், முனைகளை மூடி அணைக்கும் ஒன்லே ஒன்றைப் பற்றியும் கேளுங்கள். எதிர்ப்பல்லுக்கு இதமான பொருள் எதுவென்று கேட்டால் இன்றும் நான் தங்கக் கலவையைத்தான் சொல்வேன். தானும் அளவோடு தேய்ந்து, எதிரில் உள்ளதையும் நோகாமல் விடும் குணம் அதற்கு உண்டு. ஆனால் இன்றைய விலையில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

இரவுக்கு அக்கிரிலிக்கில் செய்த கடித் தட்டு ஒன்று அவசியம். பல்லுக்குப் பதிலாக அது தேயும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

சாவகச்சேரியில் இருந்து ஒருவர்

என் அப்பாவுக்கு மேலே போர்சலின் பிறிட்ஜ், கீழே அக்கிரிலிக் கட்டுப்பல். நான்கு வருடத்தில் கட்டுப்பல்லின் கடைவாய்ப் பற்கள் பலகை போலத் தட்டையாகிவிட்டன, சோறு அரைபடுவதில்லை. கட்டுப்பல் செய்தவர் மலிவான பற்களைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று இதுவரை நினைத்திருந்தேன். அதுவும் இதே கதைதானா?

மானிப்பாய், பல் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

பெரும்பாலும் இதே கதைதான் தம்பி. அக்கிரிலிக் பற்கள் மிகவும் மென்மையானவை. அவற்றுக்கு எதிரே போர்சலின் இருந்தால் நல்ல பற்களும் விரைவில் தட்டையாகும். கட்டுப்பல்லைப் புதுப்பிப்பதற்கு முன்னர் மேல் பிறிட்ஜின் கடிக்கும் பரப்பை மினுக்கிக் கொடுக்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.

கொக்குவில் மகள்

ஆறு கிழமைகள் கழித்து எழுதுகிறேன். வேறொரு பல் வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, கிறவுணில் இரண்டு இடங்கள் அராவியபடியே விடப்பட்டிருப்பதை எனக்கும் காட்டினார். மூன்று சில்லுகளும் கடைசியில் ஒரு பசையும். ஏறத்தாழ 20 நிமிடங்கள் எடுத்தது. சாம்பல் கோடுகள் முதலாவது சில்லிலேயே போய்விட்டன. முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்க்கச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் தடவிவிட்டு, “இப்போதுதான் இது என்னுடைய பல் மாதிரி இருக்கிறது” என்றார்.

கீழ்ப்பல்லின் பழைய அடைப்பை எடுத்தபோது ஒரு பக்க எனாமலில் வெடிப்புத் தெரிந்ததால், புதிய கொம்பசிற்றை அந்த முனையின் மேலும் மூடி வைத்திருக்கிறார்; ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒன்லே பற்றித் தீர்மானிப்போம் என்றார். கூச்சம் இரண்டு கிழமைக்குள் நின்றுவிட்டது. கடித் தட்டை முதல் மூன்று இரவுகள் அம்மா நித்திரையிலேயே கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். இப்போது காலைவரை வாயில் இருக்கிறது. அதன் மேல்பக்கத்தில் நகக்கீறல் போல இரண்டு கோடுகள் ஏற்கனவே விழுந்திருக்கின்றன. பாக்கைக் குறைக்க ஒத்துக்கொண்டார். புழுக்கொடியலை மட்டும் மாவாக இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துத் தருவதாகப் பேசி முடித்திருக்கிறேன்.