புதுப்பிப்பு: ஏற்காட்டில் உப்பிப்போன பீரோ, பணம் வந்துவிட்டது

சேலத்தில் தேக்கு என்று சொல்லி விற்ற பீரோ, ஏற்காட்டு ஈரத்தில் உப்பிக் கதவு மூடாமல் போனதை எழுதியிருந்தேன். உள்ளே வெறும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை.

"விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லுலயே இருக்குங்க" என்றார் கடைக்காரர். அந்த வரிக்கு யாரும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் உள்ள கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து பில்லும் போட்டோவும் அனுப்பினேன். பணம் வந்தது. மலையேற்றிய வண்டி வாடகை இன்னும் இழுபறி. அதையும் விடமாட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை, 2 வருட அவகாசமும் உண்டு. வெளியூர்க் கடையானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.