முதல் வால்வு ஆம்ப் கட்டிய அனுபவம்: பாகங்களைவிட அமைப்பே முக்கியம்

சிறு பட்டறைகளில் கையால் கட்டப்படும் பூட்டிக் கிடார் ஆம்புகளைப் (ஒலிபெருக்கிகளை) பற்றிய பேச்சு பெரும்பாலும் அரிய கெபாசிட்டர்களையும், பழைய கையிருப்பில் கிடைக்கும் வால்வுகளையும் (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்) சுற்றியே வருகிறது. முதல் ஆம்பைக் கட்டி முடித்த பிறகு என் கருத்து வேறாக இருக்கிறது: ஒலியின் தரத்தில் பெரும்பங்கு, எந்தக் கம்பி எந்தப் பக்கமாகச் செல்கிறது, எந்த எர்த் முனை எங்கே சேர்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

ஃபெண்டர் நிறுவனம் 1950களில் வெளியிட்ட சேம்ப் 5எஃப்1 சர்க்யூட்டை நான் தேர்ந்தெடுத்தேன். கிடார் சிக்னலை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க ஒரு 6வி6, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள், ஒரே ஒரு வால்யூம் திருகு, சுமார் 5 வாட் வெளியீடு. டோன் கட்டுப்பாடுகூடக் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர் சர்க்யூட் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு ரெசிஸ்டரும் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டே சால்டர் செய்ய இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு எனக்குத் தென்படவில்லை.

உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேல் ஓடுகிறது என்பதையும், சுவிட்சை அணைத்த பிறகும் மின்விநியோகத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அந்த மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதையும் ஒருபோதும் மறக்கக் கூடாது. இதற்காகவே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிட முதல் கெபாசிட்டருக்கு இணையாக 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினேன்; அப்படியிருந்தும், மல்டிமீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டாமல் கையை உள்ளே விட்டதில்லை. முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது பழைய வகை இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்திருந்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

ஸ்பீக்கரை இணைத்து வால்யூமைத் திருப்பியதும் காதைக் கிழிக்கும் ஓர் ஊளைச் சத்தம் வந்தது. இந்த சர்க்யூட்டில் ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறு பகுதி சிக்னல் 6வி6க்கு முந்தைய கட்டத்தின் கேத்தோடுக்கு (வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) திரும்பி வருகிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முனைகள் எந்தத் திசையில் அமைகின்றன என்பதைப் பொறுத்து அது சிக்னலைக் குறைக்கும் எதிர்ப் பின்னூட்டமாகவோ, மேலும் பெருக்கி ஊளையிட வைக்கும் நேர்ப் பின்னூட்டமாகவோ ஆகிவிடும். கம்பிகளின் நிறத்தை மட்டும் வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக் (வால்வுப் பக்கக்) கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றியதும் ஊளை நின்றது. (சோதனையின்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம், சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மர் தன் காப்பையே துளைத்துக்கொள்ளும் அளவுக்கு மின்னழுத்தம் எழலாம்.)

அதிக நேரத்தை விழுங்கியது ஹம் என்னும் தொடர் இரைச்சல்தான். இரண்டு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் ஆம்புகளில் பவர் சப்ளையின் சிற்றலை (டிசியில் மிஞ்சும் ஏற்றஇறக்கம்) பெருமளவு ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஒற்றை வால்வு ஆம்புக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இரைச்சலைக் கேட்டுப் பிரித்தறியப் பழகிக்கொண்டேன். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளிலிருந்து ஒட்டிக்கொள்வது மின்விநியோகத்தின் அதே அதிர்வெண்ணில், ஆழமாக முனகும். ரெக்டிஃபையருக்குப் பின்னால் பிறப்பது அதன் இருமடங்கில், சற்றுக் கரகரப்பாக ஒலிக்கும். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கியதும் மறைந்தால் கோளாறு முதல் கட்டத்தில் இருக்கிறது. 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிய பிறகும் தொடர்ந்தால் பவர் பகுதியில் தேட வேண்டும். 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பிகளை இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு ஒட்டி ஓடவிட்டு, இரு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இணைத்தபோது முனகல் அடங்கியது. கரகரப்பு போனதோ, முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் எர்த்தை இன்புட் ஜாக்கின் எர்த்திலிருந்து பிரித்து, பவர் டிரான்ஸ்பார்மரின் நடுமுனையோடு நேரடியாகச் சேர்த்த பிறகுதான். ஒரு பாகத்தைக்கூட விலை உயர்ந்ததாக மாற்றவில்லை.

அடுத்து 6வி6 தன் வரம்புக்குள் இயங்குகிறதா என்று சரிபார்த்தேன். கேத்தோடில் உள்ள 470 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 22 வோல்ட் இருந்தது. அப்படியென்றால் ஏறத்தாழ 47 மில்லிஆம்பியர். வால்வுக்குக் குறுக்கே 340 வோல்ட் இருந்ததால், பெருக்கினால் 16 வாட் வருகிறது. வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்குப் போகும் சிறு பங்கைக் கழித்தாலும், 6வி6ஜிடிக்குப் பழைய தரவுத்தாள்கள் தரும் 12 வாட், பிந்தையவை தரும் 14 வாட் ஆகிய இரண்டு வரம்புகளையும் அது தாண்டுகிறது. 680 ஓமுக்கு மாற்றியதும் 13 வாட்டை ஒட்டி வந்து நின்றது. ஒலியில் வித்தியாசம் சொற்பம். வால்வின் ஆயுள்தான் கூடும்.

பின்னூட்டக் கம்பியைத் துண்டிக்க ஒரு சிறு சுவிட்ச் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளலாம். துண்டித்தால் ஒலி சற்று முரட்டுத்தனமாகி, வால்யூம் பாதியைத் தொடும் முன்பே உடையத் (டிஸ்டார்ஷன் ஆகத்) தொடங்குகிறது. சிங்கிள்-காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிடாருக்கு எனக்கு அந்த நிலைதான் பிடித்திருக்கிறது.